பாடகனின் தாடியும் என் நாமமும்

உன் செய்தி நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. கழனியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் போன் அடித்தது கேட்கவில்லை, சட்டைப்பையில் நடுங்கியதும் எடுத்துப் பார்த்தேன். "நைனா, வர்ற சனிக்கிழமை சிந்து வூட்ல இருந்து வர்றாங்க. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அரிசி வாங்கப் போவாத. நாமம் வேணாம். முடிஞ்சா ஷேவ் பண்ணிக்க. ப்ளீஸ்." கடைசியில் கைகூப்புகிற படம் ஒன்றும் போட்டிருந்தாய். படித்துவிட்டுப் போனை உள்ளே போட்டேன். மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் தண்ணீரைத் திருப்பினேன். என் பதில் ஒரே சொல்தான், முடியாது. அதை அங்கேயே நின்று அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் கிழவனுக்குப் பிடிவாதம் என்று சிந்துவிடம் சொல்லிச் சிரித்துவிட்டு நீ அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பாய். பிடிவாதம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

சிந்துவின் அப்பா அம்மா மஸ்கட்டில் இருந்து லீவில் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒழிகிற நாள் அது ஒன்றுதான் என்று நீ சொன்னபோது நான் தடை சொல்லவில்லை. "புரட்டாசியில யாருனா சம்பந்தம் பேசுவாங்களா?" என்று உன் அம்மா முகத்தைச் சுளித்தாள். "வூடு பாக்கத்தான வராங்க, பாத்துட்டுப் போவட்டும்" என்று அவளைச் சமாதானப்படுத்தியது நான். நீ காதலித்த பெண்ணை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றவனும் நான்தான். வளையவே தெரியாதவன் என்று என்னைச் சொல்லாதே. வளைய வேண்டிய இடங்களில் வளைந்துதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். இந்த இடத்தில் வளைய மாட்டேன்.

நான் சனிக்கிழமை செய்வது என்ன என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் உன் நண்பர்களிடம் வேறு மாதிரி சொன்னாய். அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். புரட்டாசி பிறந்தால் நம் வீட்டில் கவிச்சி கிடையாது, எனக்குச் சவரம் கிடையாது, காலுக்குச் செருப்பு கிடையாது. சனிக்கிழமை விடிந்ததும் குளித்து, திருமண்ணைக் குழைத்து நெற்றியில் நாமம் போட்டு, பித்தளைச் செம்புக்கும் ஒரு நாமம் போட்டு, அதன் கழுத்தில் துளசி சுற்றித் தெருவில் இறங்குவேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று கோவிந்தா என்று மூன்று முறை கூப்பிடுவேன். வீட்டில் இருப்பவர்கள் ஒரு பிடி அரிசி கொண்டுவந்து செம்பில் போடுவார்கள். சிலர் என் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். அந்த அரிசியில்தான் உன் அம்மா தளிகை போடுவாள். ஒரு பங்கை ஊறவைத்து இடித்து மாவிளக்கு ஏற்றுவாள். படையல் முடிகிறவரை எனக்குப் பச்சைத் தண்ணீர்தான். நமக்கு ஏரிப் பாசனத்தில் நிலம் இருக்கிறது, அறுவடையானால் களம் கொள்ளாத நெல் இருக்கிறது. அரிசி இல்லாமல் நான் கையேந்தவில்லை. அரிசி இருக்கிறவன்தான் போக வேண்டும். வருஷம் முழுக்கக் கூலி அளந்து போடுகிற கை, இந்தச் சில நாட்களாவது அடுத்தவன் கைக்குக் கீழே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தக் கை என்னவாகும் என்பதை நம் பங்காளிகளைப் பார்த்தே நீ தெரிந்துகொள்ளலாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு எழுத்து கைவந்தது பழைய பேப்பர் கடையில் கிடைத்ததையெல்லாம் படித்துத்தான். நாமம் போடக்கூட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, உன் தாத்தாவுக்கு இதிலெல்லாம் பிடிப்பு கிடையாது. கோயிலில் பார்த்து, பஜனைக் கூட்டத்தில் கேட்டு, நானாகப் பிடித்துக்கொண்டது இது. அதனால்தான் யாரிடமும் அனுமதி கேட்காமல் கல்மேட்டுப் பக்கமும் போனேன். ஊருக்கு வெளியே இருளர் குடியிருப்பு இருக்கிறதே, அங்கே. அதுவரை அரிசி வாங்கப் போகிற யாரும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. கையேந்துவது என்று வந்த பிறகு வாசலைப் பார்த்து ஏந்துவது என்ன நியாயம் என்று எனக்குத் தோன்றியது. முதல் வீடு கன்னியம்மாவுடையது, நம் கழனியில் களை எடுக்க வருவாளே, அவள். நான் வாசலில் நின்று கூப்பிட்டதும் அவள் வெளியே வந்து என்னையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா சாமி, இங்க வந்து நிக்கிற? வயி மாறிப் போச்சா?"

"மாறல. அரிசி போடு."

"எங்க வூட்டு அரிசி உனக்கு ஆவுமா?"

"ஆவும்."

"ரேசன் அரிசி சாமி, பெருசு பெருசா இருக்கும்."

"பெருமாளு இன்னா சன்ன அரிசிதான் வோணும்னு சொல்லி அனுப்பிச்சாரா? போடு."

அவள் சிரித்துக்கொண்டே போட்டாள். அவள் போட்டதைப் பார்த்து மற்ற வீடுகளிலும் போட்டார்கள். அன்றைக்குச் சாயந்திரம் நம் பெரிய பங்காளி வீட்டுக்கு வந்து, "இன்னா பங்காளி, சாமிக்கு ரேசன் அரிசியில பொங்கி வெச்சியாமே, அடுத்த வாட்டி பாமாயிலும் வாங்கினு வந்துடு" என்றான். "வாங்கினு வரேன், நீ அப்பளம் கொண்டாந்துடு" என்றேன். அந்த வருஷம் அவர்கள் யாரும் நம் தளிகைக்கு வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. நான் கல்மேட்டுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. இப்போது அவர்கள் வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், அரிசி எங்கே வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் சாப்பிட அவர்களுக்கு இத்தனை வருஷம் ஆனது. நான் ஒரு சனிக்கிழமை விட்டுக்கொடுத்திருந்தால் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

காஞ்சிபுரத்தில் நீ படித்த பள்ளிக்கூடத்தில் எவனோ ஒருவன் உன்னைப் பிச்சைக்காரன் மகன் என்றான். அன்று நீ சட்டையின் தோள் கிழிந்து வீடு வந்தாய், அவன் மூக்கில் ரத்தம் வந்ததாக மறுநாள் தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார். நான் அங்கே போய் நின்றேன். மன்னிப்பு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அந்தப் பையன் முதலில் எழுதட்டும் என்றேன். கடைசிவரை இரண்டு பேரும் எழுதவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, "நைனா, நானும் அடுத்த சனிக்கிழமை வரேன், எனக்கும் ஒரு செம்பு குடு" என்றாய். அந்தப் பையன் சொன்ன வார்த்தையை அன்று கையால் தள்ளியவன் நீ. இன்று அதே வார்த்தையை வேறொருவன் சொல்லிவிடுவானோ என்று பயந்து எனக்குச் செய்தி அனுப்புகிறாய். இடையில் உனக்கு என்ன நடந்தது என்று எனக்குப் புரியாமலே இருந்தது. இரண்டு வாரம் முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்தப் பாட்டுக் கச்சேரியில் நின்றபோது புரிந்தது.

அந்தக் கச்சேரிக்கு என்னைக் கூப்பிட்டது நீ இல்லை, சிந்து. அதையும் நான் மறக்கவில்லை. "மாமா, அமெரிக்காவுல இருந்து ஒரு பாடகர் வர்றார். யூதர். ரெகே, ஹிப் ஹாப் எல்லாம் பாடுவார். அவங்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுல இருந்து சனிக்கிழமை நட்சத்திரம் வர்ற வரைக்கும் ஓய்வு நாள். அதுவரைக்கும் மைக்கைத் தொட மாட்டார். உங்களுக்கும் சனிக்கிழமைதானே விசேஷம், நீங்க பார்க்கணும்" என்று போனில் சொன்னாள். பின்னால் இருந்து நீ, "நைனாவுக்கு அதெல்லாம் பேஜாரு, வுட்டுடு" என்றது எனக்குக் கேட்டது. அது கேட்டதால்தான் வருகிறேன் என்றேன். அன்றும் புரட்டாசிச் சனிக்கிழமை. காலையில் அரிசி வாங்கி, படையல் முடித்து, ஒருவேளைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுச் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். நீ அங்கே காரோடு நின்றாய். என்னைப் பார்த்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "பின்னாடி தண்ணி பாட்டில் கீது நைனா, மூஞ்ச கழுவிக்க" என்பது. "கழுவித்தான் வந்தேன்" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

கடலை ஒட்டிய அந்த மைதானத்தின் வாசலில் காவலுக்கு நின்ற பையன் என் காலைப் பார்த்தான். "பெரியவரே, செருப்பு இல்லாம உள்ள போனா மிதிச்சிடுவாங்க" என்றான். "மிதிக்கட்டும்பா, கால் என்னுதுதான" என்று உள்ளே போனேன். சொன்ன மாதிரியே மிதித்தார்கள், ஒரு நகம் இன்னும் கறுத்துத்தான் இருக்கிறது. பக்கத்தில் சடை சடையாக முடி வளர்த்த ஒரு பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க எந்த பேண்டு?" என்றான். "உத்திரமேரூர்" என்றேன். "கேள்விப்பட்டதே இல்லியே, பாட்டு எதுனா வந்துகீதா?" என்றான். நல்ல பிள்ளை, அவனுக்கு அதில் கேலி இல்லை. தன் கையில் இருந்த முறுக்கை நீட்டினான். நான் வேண்டாம் என்றதும், விரதமா என்று அவனே கேட்டுத் தலையாட்டிக்கொண்டான்.

மேடை விளக்கு எரிந்தது, மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள், பாடகன் மட்டும் வரவில்லை. பொழுது சாய்ந்தும் வரவில்லை. மேலே பார்த்தேன், கடல் பக்கம் இருந்து மேகம் மூடியிருந்தது. "மேகமா கீதேம்மா, நட்சத்திரம் எப்படித் தெரியும்?" என்று சிந்துவிடம் கேட்டேன். "அதுக்கு நேரம் கணக்கு வெச்சிருக்காங்க மாமா, ஊருக்கு ஊர் மாறும்" என்றாள். அது எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது. அமாவாசையை வானத்தைப் பார்த்தா கண்டுபிடிக்கிறோம், பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தானே. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது என்று ஒருவன் கடல் தாண்டி வந்த ஊரிலும் கணக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்றால், அவனை நான் பார்க்காமல் போவதில்லை என்று கால் வலியோடு நின்றேன்.

அப்போதுதான் உன் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். இவ்வளவு நேரம் காக்க வைக்கிறானே என்று ஒருவன் சலித்துக்கொண்டான். நீ அவனிடம் சொன்னதை நான் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன். "அதான் ப்ரோ கன்விக்ஷன். எவ்ளோ கொட்டிக் குடுத்தாலும் டைம் வராம மேடை ஏற மாட்டாரு. தாடி, தொப்பி, இடுப்புல தொங்கற கயிறு எதையும் ஒளிச்சு வெக்க மாட்டாரு. அப்படி நிக்கறதுக்கு ஒரு கெத்து வேணும்." உன் முகத்தில் அவ்வளவு பெருமை. உன் கல்லூரிப் பட்டமளிப்பில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. கன்விக்ஷன் என்றால் என்ன என்று சிந்துவிடம் மெதுவாகக் கேட்டேன். "நம்புறதை யாருக்காகவும் விடாம நிக்கிறது மாமா" என்றாள். அந்தச் சூட்டோடு உன் நண்பன் என் பக்கம் திரும்பி, "ப்ரோ, இவரு யாரு, செம கெட்டப்பு" என்றான். நீ, "எங்க நைனா. ஏதோ ஒரு வேண்டுதல் ப்ரோ, இந்த வருஷம் மட்டும்" என்றாய்.

இந்த வருஷம் மட்டும். அவர்கள் முன்னால் உன்னைத் திருத்தி உன் மானத்தை வாங்க வேண்டாம் என்று நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் இருந்து போகிறேன். உன் அம்மா உன்னைச் சுமந்துகொண்டு மாவு இடித்த வருஷமும் போனேன். ஏரி நிரம்பித் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற வருஷமும் செம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனேன். எவனோ ஒருவன் தாடி வைத்து நின்றால் அதற்குப் பெயர் கெத்து. நான் நின்றால் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது உனக்கு. அவன் அமெரிக்காவில் இருந்து வந்ததும் நான் உத்திரமேரூர் பஸ்ஸில் வந்ததும் தவிர வேறு என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

பிறகு அவன் வந்தான். நான் நினைத்த மாதிரி இளவட்டம் இல்லை. கண்ணாடி போட்டவன், கொஞ்சம் தொப்பை, மார்பு வரை நரைத்த தாடி, தலையில் கறுப்புத் தொப்பி, சட்டைக்குக் கீழே வெள்ளைக் கயிறுகள் தொங்கின. பாட்டு எனக்குப் புரியவில்லை, புரிந்ததாகப் பாசாங்கு செய்யவும் இல்லை. ஆனால் தாளம் புரிந்தது. அடி விழ வேண்டிய இடத்தில் கிட்டார் விழவில்லை, இரண்டு அடிக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்தது. நம் பஜனையில் ஜால்ரா போடுகிறவன் அந்த நடு இடத்தைப் பிடிக்கத் தெரிந்தவனாக இருந்தால் கூட்டம் தானாக ஆடும், தெரியாதவனாக இருந்தால் எல்லாரும் கொட்டாவி விடுவார்கள். இவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரிந்திருந்தது. நடுவில் கிட்டாரை நிறுத்திவிட்டு அவன் படபடவென்று பேச ஆரம்பித்தான், வாலாஜாபாத் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப்பெயர்களை மூச்சு விடாமல் அடுக்குவது போல. அதிலும் தாளம் தப்பவில்லை. இந்த இசை ஒரு தீவில், அடிமையாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் பிறந்தது என்று சிந்து என் காதில் சொன்னாள். அவன் வீட்டில் பிறந்த பாட்டு இல்லை. கேட்டுக் கற்றுக்கொண்டு, தன் சாமியை அதில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறான். பழைய பேப்பரில் படிப்பைப் பிடித்தவனுக்கு அது விளங்காதா.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் எல்லா வாத்தியத்தையும் நிறுத்தச் சொன்னான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு தன் வேதமொழியில் ஒரு வரியை இழுத்துப் பாடினான். கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. அவன் இன்னொரு வரி, கூட்டம் அதையும் சொன்னது. பிறகு நிறுத்தினான். அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. பாட்டு முடிந்து அப்படி ஒரு அமைதி விழுந்தால் அங்கே சாமி பேர் சொல்லாமல் விடுகிற பழக்கம் நம் பஜனைக் கூட்டத்தில் வளர்ந்த எவனுக்கும் கிடையாது. என் வாய் என்னைக் கேட்கவில்லை. கோவிந்தா என்று கூப்பிட்டுவிட்டேன். தெருத்தெருவாகக் கூப்பிட்டுப் பழகிய குரலுக்கு மைக் எதற்கு. மைதானத்தின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது.

சிரித்தார்கள். சிரிக்கட்டும், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அந்தச் சடை வைத்த பிள்ளையும் இன்னும் நாலு பேரும் பழக்க தோஷத்தில் கோவிந்தா என்று பதில் கொடுத்தார்கள். பாடகன் கண்ணைத் திறந்து எங்கள் பக்கம் பார்த்தான். மேடை ஓரத்தில் இருந்த ஒருவரிடம் குனிந்து கேட்டான், அவர் ஏதோ சொன்னார். அவன் எனக்குச் சாமிப் பேரைத் திருப்பிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. கைதட்டல் வாங்குவதற்காகவாவது சொல்லியிருக்கலாம், கூட்டம் ஆரவாரத்தில் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அவனுக்கு அவன் சாமி, அதில் அவன் இம்மி நகரவில்லை. நெஞ்சில் கையை வைத்து, என் பக்கம் தலையைக் குனிந்து, இரண்டு வார்த்தை சொன்னான். "நல்ல வாரமா அமையட்டும்னு சொல்றார் மாமா. ஓய்வு நாள் முடிஞ்சதும் அவங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறது" என்றாள் சிந்து. நானும் நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் குனிந்தேன். எனக்கும் அவனுக்கும் இருந்த பேச்சு அவ்வளவுதான். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

நீ அப்போது எங்கே இருந்தாய் என்று திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்தில் இல்லை. நாலைந்து பேருக்கு அந்தப் பக்கம், யாரோடு வந்தவன் என்று தெரியாத மாதிரி நின்று, உன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது காரில் சிந்துதான் பேசிக்கொண்டு வந்தாள். "மாமா, அரிசி வாங்கப் பொண்ணுங்களும் போலாமா?" என்றாள். "போவலாம்மா, இன்னா தட கீது, உங்க அத்தை கொஞ்ச நாள் வந்துகினு இருந்தவதான்" என்றேன். நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி, "அவளுக்கு வெயில் ஒத்துக்காது" என்றாய். அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று அவளைத்தானே கேட்க வேண்டும். மஸ்கட்டில் வளர்ந்த பெண்ணுக்குப் புரட்டாசி வெயில் என்ன செய்துவிடும்.

அடுத்த நாள் யாரோ எடுத்த வீடியோ போன் போனாகச் சுற்றியதாமே. நான் வாய் திறந்து கூப்பிடுவதும் கூட்டம் சிரிப்பதும். சிந்துவின் அப்பாவுக்கும் அது போயிருக்கிறது என்று நீ அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டாயாம். "அவுங்க இன்னாடா சொன்னாங்க?" என்று அவள் கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லல, ஆனா இன்னா நெனச்சிருப்பாங்க" என்றாயாம். ஒன்றும் சொல்லாதவர்களுக்குப் பதில் சொல்லத்தான் என்னைச் சவரம் செய்துகொள்ளச் சொல்கிறாயா? அவர்கள் வாயில் இல்லாத வார்த்தையை நீயே எழுதி, அதை நீயே படித்து, அதற்கு நீயே கூசுகிறாய். இதைப் பற்றி நான் சிந்துவுக்குப் போன் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். பேச்சு உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறது.

நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன், கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. அந்த வீட்டுக்காரர்கள் ஒரு நாள் வருகிறார்கள் என்று நீ என்னை மழித்து, சட்டை போட்டு, சோபாவில் உட்கார வைத்தால், அவர்கள் பார்த்துவிட்டுப் போவது இந்த ஊரில் இல்லாத ஒருவனை. அடுத்த புரட்டாசிக்கு அவர்கள் மறுபடி வந்தால் என்ன செய்வாய்? தீபாவளிக்குக் கல்மேட்டில் இருந்து கன்னியம்மா பலகாரம் வாங்க வந்து, இன்னா சாமி என்று என்னை உரிமையோடு கூப்பிட்டால் அவளை யார் என்று சொல்வாய்? ஒன்றை மறைத்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆயுசு முழுக்க ஒரு ஆளைக் காவல் போட வேண்டும். உன் வீட்டில் அந்தக் காவல்காரன் நீயாகத்தான் இருப்பாய். பெண்டாட்டியோடு நிம்மதியாக இரண்டு வார்த்தை பேச முடியாது. உன் அம்மாவிடம் என்னைப் பற்றி ஆயிரம் குறை இருக்கிறது, கேட்டால் வரிசையாகச் சொல்வாள். ஆனால் கட்டிக்கொண்டு வந்தபோது பார்த்த ஆள் வேறு, இப்போது இருக்கிற ஆள் வேறு என்று அவளால் சொல்ல முடியாது.

இந்த வீட்டில் எனக்கு வேண்டாததையெல்லாம் நீ செய்தபோது நான் சத்தம் போட்டிருக்கிறேன், தடுத்ததில்லை. நிலத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் படிக்கப் போனாய், போ என்றேன். கோயிலுக்கு வர மாட்டேன் என்றாய், சரி என்றேன். உன்னை நாமம் போடச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. அவனவன் நெற்றி அவனவனுக்கு. என் நெற்றியை மட்டும் எனக்கு விட்டுவிடு என்கிறேன். இது பேராசையா?

சனிக்கிழமை நடக்கப்போவதைச் சொல்கிறேன், பிறகு தெரியாது என்று சொல்லாதே. அவர்கள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வரட்டும். உன் அம்மா நாற்காலிகளைத் துடைத்து வைத்திருப்பாள், மோர் இருக்கும், படையல் முடிந்ததும் சாப்பாடு இருக்கும். நல்ல மரியாதையாக நடத்துவோம், அதில் ஒரு குறையும் வராது. நான் அப்போது தெருவில் இருப்பேன். அவர்களுக்காக வேகமாகவும் நடக்க மாட்டேன், அவர்களைக் காக்க வைக்க வேண்டும் என்று மெதுவாகவும் நடக்க மாட்டேன். கல்மேட்டில் தொடங்கி, மேட்டுத் தெரு முடித்து, வழக்கம்போல நம் தெருவுக்கு வருவேன். பெரிய பங்காளி வீடு முடிந்தால் அடுத்தது நம் வீடு. மற்ற வீட்டு வாசலில் எப்படி நிற்பேனோ அப்படித்தான் நம் வாசலிலும் நிற்பேன், உள்ளே வர மாட்டேன். மூன்று முறை கூப்பிடுவேன். சிந்துவின் அப்பா காதிலும் விழும், அம்மா காதிலும் விழும். மூன்றாவது தடவை கூப்பிட்டும் அரிசி வராவிட்டால் நான் ஒரு வாசலிலும் நிற்பதில்லை, கோபித்துக்கொள்வதும் இல்லை, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். நம் வீடானாலும் அதுதான்.

ஒருவேளை சிந்து எழுந்து வந்து போட்டால் அது அவள் குணம், அதற்காக அவளை ஆசீர்வதிப்பேன். ஆனால் நான் எதிர்பார்ப்பது அவளை இல்லை. வழக்கமாக உன் அம்மாதான் வந்து போடுவாள். இந்த வாரம் நீ எழுந்திருக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என்னோடு சண்டை போட்டாள், பிறகு சரி என்றாள். மாமனார் மாமியார் முன்னால், அந்தச் சோபாவில் இருந்து எழுந்து, வாசல் வரை நடந்து வர வேண்டியவன் நீ. அரிசி மூட்டை சமையல்கட்டில் இடது பக்கம் இருக்கிறது, வாயைக் கட்டாமல் வைத்திருக்கிறேன்.

உன் நைனா